கல்வாசலுக்கு இந்தப் பக்கம்

பூவாணிப்பட்டி, கொல்லிமலை
14 மார்ச் 2025

அர்த்தநாரி அண்ணனுக்கு, கண்ணாயி எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். முழுதும் படித்துவிட்டுக் கிழியுங்கள். மூன்று வருடத்துக்கு முன் புல்லுக்காட்டுக் கல்வாசலில் கற்பூரத்தை அணைத்து நீங்கள் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. "நானும் எம்மாடும் இனி இந்தக் கல்லைத் தாண்ட மாட்டோம். கண்ணாயிகூட ஒரு பேச்சும் பேச மாட்டேன்." அதனால்தான் போன் செய்யவில்லை. எழுத மாட்டேன் என்று நீங்கள் சத்தியம் செய்யவில்லை. நான் எட்டாம் வகுப்பு வரை போனது இதற்காவது உதவட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நம் புல்லுக்காடு நாற்பது ஏக்கரும் மேய்ச்சல் புறம்போக்கு என்று இருப்பதை மாற்றப் போகிறார்களாம். மலையைப் பார்க்க வருகிறவர்கள் கார் நிறுத்தவும், ஏறி நின்று வேடிக்கை பார்க்கக் கோபுரம் கட்டவும் ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது. "அடிவாரக் கிராமத்து மாடுகள் மூன்று ஆண்டுகளாக இங்கு மேயவில்லை. மலைக் கிராமத்திலும் மாடுகள் குறைந்துவிட்டன. ஆகவே நிலம் பயன்பாட்டில் இல்லை" என்று காரணம் போட்டிருக்கிறது. பயன்பாட்டில் இல்லையாம். என் பதினொரு மாடும் அங்கே கபடியா விளையாடுகின்றன?

ஏப்ரல் 24 அன்று தாசில்தார் நேரில் வந்து விசாரிக்கிறார். பழைய பதிவேட்டில் அந்தக் காடு எங்கள் ஊருக்கும் உங்கள் ஊருக்கும் பொது என்று இருக்கிறது. இரண்டு ஊரும் வந்து நின்றால்தான் எடுபடும் என்கிறார் கிராம நிர்வாக அலுவலர். உங்கள் ஊரிலிருந்து மலைக்கு மாடு ஓட்டியது நீங்கள் ஒருவர்தான். சித்திரையில் வழக்கமாக ஓட்டி வருவீர்களே, அதுபோல அந்த ஒரு நாளாவது உங்கள் மாடுகள் அங்கே நிற்க வேண்டும்.

ராசு பேளுக்குறிச்சி சந்தைக்குக் கிழங்கு ஏற்றி வருகிறான். பதிலை அவனிடம் கொடுங்கள். கூட ஒரு மிளகுப் பொட்டலமும் வைத்திருக்கிறேன்.

கண்ணாயி


பேளுக்குறிச்சி அடிவாரம்
22 மார்ச் 2025

கண்ணாயிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. மாராயி எனக்கு முன்னால் படித்துவிட்டு, "எழுதுன புள்ள பாவமுங்க, ஒரு பதிலு போடுங்க" என்றாள். என் மனைவிக்கு எப்போதும் அடுத்தவர்கள்தான் பாவம்.

உனக்கு நினைவிருப்பது நான் சொன்ன வார்த்தை மட்டும்தான் போலிருக்கிறது. அதற்கு முன் நடந்ததை நான் சொல்கிறேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து கீழே புல் காய்ந்ததும் மாடு மேலே வரும், ஆடியில் இறங்கும். மேலே பிறக்கிற கன்றில் ஒன்று விட்டு ஒன்று உங்கள் வீட்டுக்கு. இதற்கு எழுத்து கிடையாது, சண்டையும் வந்தது கிடையாது. அந்த வருடம் பதினாறு மாட்டோடு வந்தேன். பன்னிரண்டாம் நாள் உங்கள் ஊர் மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக நோய் கிளம்பியது. ஊர் கூடியது. "அடிவாரத்து மாடு கொண்டாந்த நோவு" என்று முதலில் சொன்ன வாய் உன் வாய். நான் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"எம்மாட்டுக்கு ஒன்னுமே இல்லீங்க, டாக்டரைக் கூட்டியாந்து பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கேட்க ஆள் இல்லை. கொட்டுகிற மழையில் என் மாடுகளை வெளியே துரத்திவிட்டு, இரண்டு கல்லுக்கும் நடுவே முள்ளை வெட்டிப் போட்டீர்கள். நிறைசினையாக இருந்த மயிலைப் பசு இறக்கத்தில் வழுக்கி விழுந்தது. பிறகு எழவே இல்லை. கன்று வயிற்றில் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. நான் அதன் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கும் சந்தையில் என் மாட்டைப் பார்த்தால், "மலைக்கு நோவு கொண்டுபோன பட்டி" என்று ஒதுங்குகிறார்கள். உண்மையிலேயே என் மாடுகள்தான் கொண்டு வந்தனவா? மூன்று வருடமாக இந்த ஒரு கேள்வியைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

மலையும் உங்களுடையது, புல்லும் உங்களுடையது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மிளகைத் திருப்பி அனுப்ப நினைத்தேன். அதற்குள் மாராயி ரசத்துக்குத் தட்டிவிட்டாள்.

அர்த்தநாரி


பூவாணிப்பட்டி
28 மார்ச் 2025

அண்ணனுக்கு,

திட்டியாவது எழுதினீர்களே, அதுவே போதும்.

இங்கே நிலைமை சரியில்லை. செவ்வாய்க்கிழமை நாலு பேர் வந்து காட்டை அளந்தார்கள். கல்லுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாடுகள் அந்தக் கல்லை மோந்து பார்த்துவிட்டு விலகி நடக்கின்றன. என் தம்பி மகன் செல்வத்துக்கு அங்கே வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அவன் இப்போதே சட்டைக்குத் துணி பார்க்கிறான். ஊரில் பாதிப் பேர், "அத்தனை காடு நமக்கு எதுக்கு?" என்கிறார்கள். அத்தனை காடு இருப்பதால்தான் வீட்டுக்கு நாலு மாடு நிற்கிறது. எங்கள் சாமைக்கொல்லைக்கும் கிழங்குக் காட்டுக்கும் வேறு எரு ஏது? எருவுக்காக நான் கீழே இறங்கி யார் வாசலில் நிற்பது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருவீர்கள் என்று ஊரில் பேச்சு அடிபட்டதும் பாப்பாயி அக்கா, "அந்தாளு மாட்டை ஓட்டியாந்தா நான் கல்வாசல்ல குறுக்க படுத்துக்குவேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த நோயில் அவளுடைய ஏர்மாடு இரண்டும் போனது உங்களுக்குத் தெரியும். அவளுக்கு இருந்ததே அந்த இரண்டுதான். இப்போது மருமகள் பெருமாயியோடு கொத்தால் கொத்தி விதைக்கிறாள். அவளை நான் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன். நீங்கள் வந்து சேருங்கள்.

இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது.

கண்ணாயி


பேளுக்குறிச்சி அடிவாரம்
5 ஏப்ரல் 2025

கண்ணாயிக்கு,

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மஞ்சள் பெயிண்ட், செல்வம் சட்டை, பாப்பாயி எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாய்.

அது இருக்கட்டும். உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடமும் இருக்கிறது. இதை எழுத மூன்று முறை உட்கார்ந்து எழுந்தேன்.

தை மாதம் ஒருவர் காரில் வந்தார். நல்ல மனிதராகத்தான் பேசினார். "மலைக்கு மாடு ஓட்டறீங்களாங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இனி ஓட்டுவீங்களா?" என்றார். அதற்கும் இல்லை என்றேன். அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார். என் மகள் தாரணி வாங்கிப் படித்துவிட்டு, "அப்பா, 'ஆட்சேபணை இல்லை'ன்னு கடைசியில ஒரு வரி இருக்குதுங்க" என்றாள். நான்தான் அவள் கையிலிருந்து பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன். கற்பூரம் அணைத்துச் சொன்ன ஒன்றைத் தாளில் மாற்றிச் சொல்ல முடியுமா? போகாதவன் போகவில்லை என்றுதானே எழுதினேன், இதில் என்ன தப்பு என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

உன் நோட்டீஸில் இருக்கிற முதல் காரணம் என் கையெழுத்துதான்.

தாரணி விசாரித்துப் பார்த்தாள். தாசில்தார் முன்னால் நேரில் நின்று, அந்தத் தாளை நான் திரும்பப் பெறுகிறேன் என்று சொன்னால் எடுத்துக்கொள்வார்களாம். மாடும் அங்கே நின்றால் மறுக்க முடியாதாம். ஆனால் கல்வாசலைத் தாண்டாமல் எப்படி வருவது? சத்தியம் கழிக்கிற முறை உனக்கும் தெரியும். யாரை முன்னிட்டுச் செய்தோமோ அவர் கையால், செய்த இடத்திலேயே தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். கொடுக்கிறவர் தன் பக்கத்துத் தப்பைப் பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். உன் பக்கம் தப்பு இருக்கிறதா இல்லையா என்று நீதான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் வெறும் தண்ணீர்தான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மாராயி என்னைப் பார்த்தால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

அர்த்தநாரி


பூவாணிப்பட்டி
11 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

நீங்கள்தானா அது?

யாரோ ஒரு வீணாய்ப்போனவன் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று ஒரு மாதமாக நான் வாய் ஓயாமல் சபித்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் உங்கள் தலையிலா விழுந்தது? உங்களுக்கு என்மேல் கோபம் என்றால் என் கூரைக்குத் தீ வைத்திருக்கலாமே. நாற்பது ஏக்கர் புல்லையா கொளுத்துவது? சந்தோஷமாக இருந்தது என்று வேறு எழுதுகிறீர்கள். இதற்கு மேல் எழுதினால் அசிங்கமாக எழுதிவிடுவேன் என்று பேனாவை மூடிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து இதை எழுதுகிறேன்.

உங்களைத் திட்டுவதற்கு எனக்குத் தகுதி இல்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். உங்கள் மாடுகள் நோய் கொண்டு வரவில்லை.

அந்த மாசியில் வெளியூரிலிருந்து, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஒரு கிடாரி பிடித்து வந்தேன். நீங்கள் மலையேறுவதற்குப் பத்து நாள் முன்னால் அதன் கழுத்தில் கட்டி எழும்பியது. நான் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, பின்கட்டில் கட்டிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் மாடுகளைக் காட்டில் விடமாட்டார்கள் என்று பயம். கட்டி காய்ந்த மாதிரி இருந்தது. அவிழ்த்து மற்றதோடு ஓட்டிவிட்டேன். எல்லா மாடும் ஒரே சுனையில்தானே தண்ணீர் குடிக்கின்றன. பிறகு பாப்பாயி அக்காவின் காளைகளுக்குக் கட்டி கிளம்பியது. ஊர் கூடியபோது யாராவது என் பின்கட்டைப் பார்த்துவிடுவார்களோ என்றுதான் முந்திக்கொண்டு உங்களைச் சொன்னேன். கிடாரி பிழைத்துக்கொண்டது. இப்போது பால் கறக்கிறது. அந்தப் பாலில்தான் தினமும் டீ போட்டுக் குடிக்கிறேன்.

முள்ளை வெட்டியதில் என் கையும் இருந்தது. மயிலை விழுந்தது எனக்கு மறுநாள்தான் தெரியும். தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

இது உங்களுக்கு எழுதியது. ஊர் முன்னால் சொல்வேனா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. தினமும் விடிந்ததும் பாப்பாயி கொத்தை எடுத்துக்கொண்டு என் வாசல் வழியாகத்தான் போகிறாள். "என்ன கண்ணாயி, எந்திரிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள்.

கண்ணாயி


பூவாணிப்பட்டி
20 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

நேற்றுச் சந்தையிலிருந்து ராசு வெறும் கையோடு வந்தான். முதல் வாரம் வேலை இருந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டு சந்தையாகப் பதில் இல்லை. "அண்ணன் ஒன்னுஞ் சொல்லலீங்கக்கா, கடுதாசிய வாங்கி மடியில வெச்சுக்கிட்டு மாட்டுப் பக்கம் போயிட்டாரு" என்கிறான். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வசவாவது எழுதி அனுப்புங்கள். நான் வாங்கிக்கொள்கிறேன்.

கம்பெனிக்காரர்கள் கல்வாசலுக்கு வெளியே பந்தல் போடக் குழி தோண்டியிருக்கிறார்கள். விசாரணை அன்றைக்கு நாற்காலி, மோர், பிஸ்கட் எல்லாம் உண்டாம். செல்வம் சட்டை தைத்துவிட்டான். வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். நீங்கள் வராவிட்டால் வராதீர்கள், அது உங்கள் நியாயம். வருவதானால் எந்த வழியாக, எத்தனை மணிக்கு என்று ஒரு வரி எழுதினால் கொஞ்சம் மூச்சு விடுவேன்.

கண்ணாயி


கல்வாசல்
24 ஏப்ரல் 2025, காலை

கண்ணாயி,

பென்சிலால் எழுதுகிறேன். ராசு வண்டியில் கிடந்த நோட்டீஸின் பின்பக்கம்தான் தாள். இதை அவனிடம் கொடுத்து உன் வீட்டுக்கு அனுப்புகிறேன்.

பதில் எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்தால் வசவுதான் வந்தது. அதை உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. மூன்று வருடம் என் மாட்டை நானே சந்தேகப்பட்டேன் கண்ணாயி. ஒவ்வொன்றின் தோலையும் தடவித் தடவிப் பார்த்தேன். அதை நான் சீக்கிரம் மறக்கமாட்டேன். ஆனால் நேற்றுக் காலை பதினாலு மாட்டையும் அவிழ்த்து ஒற்றையடிப் பாதையில் ஏற்றிவிட்டேன். வழியில் ராத்திரி தங்கி இப்போதுதான் வந்து சேர்ந்தோம்.

வந்ததும் ஒரு காரியம் நடந்துவிட்டது. நீங்கள் போட்ட முள் மக்கிக் கிடக்கிறது. நான் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். மாடுகளையும் நிறுத்தத்தான் பார்த்தேன். செவலைக்குப் பழைய வழி மறக்கவில்லை. முள்ளை மிதித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. பின்னாலேயே எல்லாம் போய்விட்டன. "நானும் எம்மாடும்" என்று சொன்னபோது நான் அவற்றைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லைதானே. பதினாலும் உள்ளே மேய்கின்றன. நான் ஒருவன் வெளியே நிற்கிறேன். பாப்பாயி கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மாடு போனபோது எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தாசில்தார் ஜீப் கடைசி வளைவில் தெரிகிறது. கம்பெனி ஆள் என் கையெழுத்துப் போட்ட தாளைப் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார். மாடு யாருடையது என்று கேட்பார்கள். உள்ளே போய் அவற்றின் பக்கத்தில் நின்று, என்னுடையது, இது எங்கள் இரண்டு ஊர் காடு என்று நான் சொல்ல வேண்டும்.

நீ செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு உன் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாயாம். விடிந்ததிலிருந்து எழுந்திருக்கவில்லையாம். ராசு சொன்னான்.

எழுந்திரு சாமி. எனக்குத் தாகமாக இருக்கிறது.

அர்த்தநாரி


பூவாணிப்பட்டி
16 மே 2025

அண்ணனுக்கு,

இப்போது போனிலேயே பேசலாம்தான். ஆனால் சில விஷயம் எனக்கு எழுதினால்தான் வருகிறது.

உத்தரவு வந்துவிட்டது. புதன்கிழமை பஞ்சாயத்து ஆபீஸில் படித்தார்கள். இரண்டு கிராமத்து மாடுகளும் மேய்ந்துகொண்டிருப்பது நேரில் காணப்பட்டது, ஆகவே மேய்ச்சல் புறம்போக்காகவே தொடரும் என்று இருக்கிறது. பழைய நோட்டீஸை நானே சுரண்டி எடுத்தேன். மக்கிய முள்ளையும் கூட்டிக் கொளுத்திவிட்டேன். செல்வம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாடு மேய்க்கப் போகிறான், என்னிடம் முகம் கொடுக்காமல்.

உங்கள் செவலை போன வாரம் ஈன்றது. காளைக் கன்று. நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை. முறைப்படி இந்தக் கன்று எங்கள் வீட்டுக்கு. அது தாய்ப்பால் விட்டதும் பாப்பாயி அக்காவுக்குத்தான் என்று சொல்ல, கன்றையும் தாயையும் ஓட்டிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். அவள் உள்ளே போய்க் கற்பூரம் எடுத்து வந்தாள். கல்வாசல் வரைக்கும் நடந்தாள், நான் பின்னாலேயே போனேன். ஏற்றி, கையால் அடித்து அணைத்தாள். "கண்ணாயி ஊட்டுது எதுவும் எனக்கு வேண்டாம். அவகூட எனக்குப் பேச்சில்லை." அவ்வளவுதான். கன்று அவள் சேலையை நக்கிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிவிடாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள்.

அன்றைக்குக் கல்வாசலில் செம்பை உங்களிடம் நீட்டுமுன் ஊர் முன்னால் நான் சொன்னபோது நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். புல்லுக்காட்டுக்காகச் சொன்னேன், உங்களுக்காகச் சொன்னேன். தாசில்தாரைப் பார்த்துச் சொன்னேன். அவளைப் பார்த்து, அவளுக்காக, நான் இன்னும் சொல்லவில்லை. இது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது.

இப்போதும் விடிந்ததும் அவள் என் வாசல் வழியாகத்தான் போகிறாள். எந்திரிச்சிட்டியா என்று யாரும் கேட்பதில்லை. நான் எழுந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த சந்தைக்கு ராசுவிடம் கோடு போட்ட தாள் ஒரு கட்டு வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். பேசமாட்டேன் என்றுதான் அவளும் சத்தியம் செய்திருக்கிறாள். பாப்பாயிக்குப் படிக்கத் தெரியாது, பெருமாயி படித்துக் காட்டுவாள். உங்களுக்கு எழுதிய இந்தத் தாளில் மீதி இருக்கிற இடத்தில் முதல் வரியை எழுதிப் பார்த்தேன். சரியாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

பாப்பாயி அக்காவுக்கு, உன் காளை இரண்டும் செத்தது என்னால்தான். உனக்கு அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.